சென்றாயன் அழைக்கிறார்

பிரபாகர், அந்த டார்ச்சை அணைத்துவிடு. நாளைக்கு ஏணி ஏறும்போது வேண்டும். கரண்ட் வரும்வரை யாருக்கும் தூக்கம் வரப்போவதில்லை, தெரியும். இந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு இன்னும் ஜன்னல்கூட வைக்கவில்லை. ஓமலூர்க் கொசு முழுவதும் நம்மைத் தேடித்தான் வருகிறது. பாயை நெருக்கிப் போட்டு உட்காருங்கள்.

சாயங்காலம் உன்னைத் திட்டிவிட்டேன், பிரபாகர். நர்ஸ்களுக்குக் கொடுக்கப்போகிற வைஃபை போனைச் சோதித்துப் பார்க்கச் சொன்னால், நீ அதில் செத்துப்போன உன் தாத்தாவின் பெயரைப் போட்டு மற்றவனுக்கு அடித்தாய். 'தாத்தா அழைக்கிறார்' என்று எல்லோரும் சிரித்தீர்கள். நான் கத்தினேன். அது கோபம் இல்லை, தம்பி. பயம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆனால் ஒன்று. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

மதியம் பன்னிரண்டு மணி... மாசி மாதப் பிற்பாதி. ஜேடர்பாளையத்திலிருந்து ராஜவாய்க்காலை ஒட்டிப் போகும் ரோட்டில், நாலாவது கிலோமீட்டரில் ஒரு மண் ரோடு பிரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. அந்த நேரத்தில் அதில் நாய்கூட நடக்காது. என் வண்டிச் சத்தம் மட்டும்தான். நடுவில் ஒரு இடத்தில் பெட்ரோல் அடைத்து வண்டி நின்றுவிட்டது. இறங்கினேன். காற்றே இல்லை... ஆனால் கரும்புத் தோகை மட்டும் சரசர என்று உரசிக்கொண்டே இருந்தது. என் இடது பக்கம் கொஞ்ச நேரம். பிறகு வலது பக்கம்.

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன். அந்த ரோடு போய் முடிகிற இடம் ஒரு ஹேச்சரி. முட்டையை உள்ளே வைத்து இருபத்தோராவது நாள் குஞ்சாக வெளியே எடுக்கும் இடம்.

அங்கே நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கோகுல்ராஜ் என்று ஒருவன் பிரபாகருக்கு முன்னால் நம்மோடு வேலை செய்தான். என் சிநேகிதன். அவனுடைய அக்கா சுகன்யா அந்த ஹேச்சரியில் சூப்பர்வைசர். தாய் தகப்பன் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போய்விட, பத்து வயதுத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். தனக்கென்று கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு அக்கா என்றால் அம்மா, அப்பா எல்லாம் சேர்த்து.

ஹேச்சரிக்குக் கிருமிதான் எமன். ஒரு முட்டை கெட்டால் லட்சம் முட்டையும் போகும். அதனால் வெளி ஆபீசுக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு குளியலறை வரிசை கட்டியிருப்பார்கள். செல்போன், வாட்ச், கொலுசு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தப் பக்கம் தொங்கும் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். முதலாளிக்கும் அதேதான். அவருடைய மாமியார் பார்க்க வந்தபோதும் குளிக்க வைத்துத்தான் விட்டார்களாம்.

உள்ளே செல்போன் கூடாது என்றால், முட்டை அடைகாக்கும் ஒரு மிஷினில் சூடு ஏறினால் ஆளைத் தேடி ஓட வேண்டும். பெண்பிள்ளைகள் ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்து முட்டி தேய்ந்து கிடந்தார்கள். அதற்குத்தான் நம் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். அறைக்கு ஒரு வைஃபை பெட்டி மாட்டினோம். நானும் கோகுல்ராஜும்தான் மாட்டினோம். எட்டுப் போன்கள். உள்ளேயே இருக்கும், உள்ளேயே சார்ஜ் ஏறும். காம்பவுண்டைத் தாண்டினால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

வெளி ஆபீசில் ஒரு ஸ்கிரீன் வைத்தோம். எந்தப் போன் எந்த அறையில் இருக்கிறது என்று பெயரோடு அதில் தெரியும். ஆள் நடக்க நடக்கப் பெயரும் அறை அறையாக நகரும். அதைப் பார்த்துக்கொள்பவர் கௌசிக். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கொஞ்சம் பயந்த ஆள்.

உள்ளே மிஷின் மெக்கானிக் சென்றாயன். அறுபதை நெருங்கியவர். போனைக் கையில் கொடுத்த அன்று சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. பச்சைப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் கடைசியாகப் பேசிய ஆளுக்கே திரும்பப் போகும் என்று சொல்லிக் கொடுத்தேன். அது போதும் அவருக்கு. அவர் கடைசியாகப் பேசிய ஆள் எப்போதும் அவரை மாமா என்று கூப்பிடும் சுகன்யாதான். தினமும் மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் போன் அடிக்கும்.

"உண்டாச்சா சாமி?"

அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

தை மாதக் கடைசி வியாழக்கிழமை. சுகன்யா அன்றைக்கு ஒரு மிஷினில் ஐயாயிரம் முட்டை வீணாகி, முதலாளியிடம் பேச்சு வாங்கியிருந்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. சென்றாயன். கட் செய்தாள். உடனே மறுபடி அடித்தது. கட் செய்தாள். மூன்றாம் தரமும் அடித்தது. 'மனுசன் நேரங்காலம் தெரியாமல்...' என்று அதையும் கட் செய்து போனைப் பையில் போட்டாள்.

முட்டைகளை உள்ளே எடுக்குமுன் ஒரு அறையில் அடுக்கி மருந்துப் புகை போடுவார்கள். ஊதாத் தூளின் மேல் பார்மலினை ஊற்றினால் குபுகுபு என்று கிளம்பும். கண்ணைப் பிடுங்கி எடுக்கிற புகை. இருபது நிமிடம் கதவை அடைத்து வைத்து, பிறகு ஃபேனைப் போட்டு வெளியேற்றுவார்கள். அந்த ஃபேனைச் சரிசெய்யத்தான் சென்றாயன் உள்ளே போயிருந்தார். அப்போது புகை ஒன்றும் இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிக் கொண்டி தானாக விழுந்தது. இரும்புக் கதவு, உள்ளே கைப்பிடி கிடையாது. தட்டினால் குஞ்சுகளின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நெஞ்சு அடைத்திருக்கிறது. பச்சைப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தியிருக்கிறார்...

ஒன்றேமுக்காலுக்குக் கதவைத் திறந்தபோது போன் காதோரம் இருந்தது. உயிர் இல்லை.

மூன்று தரம் கட் செய்ததைச் சுகன்யா தம்பியிடம் மட்டும் சொன்னாள். அவன் என்னிடம் சொன்னான். கௌசிக்குக் கேட்காமலே தெரியும், ஸ்கிரீனில் எல்லாம் பதிவாகும். அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே புகை அறைக் கதவுக்கு உட்புறம் ஒரு கைப்பிடி வைத்து வெல்டிங் செய்தார்கள்.

கௌசிக் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க, சென்றாயண்ணன் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துரலாமுங்களா?" என்றார். இரண்டு நிமிட வேலை. இங்கிருந்தே செய்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினாறு முடியட்டுமுங்க. சுடுகாட்டு ஈரங்கூடக் காயல, அதுக்குள்ள பேரை அழிக்கறது நல்லா இருக்காது." பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். இன்றைக்கும் என்னை அறுப்பது அந்த வார்த்தைதான்.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சென்றாயனின் மனைவி அத்தாயி ஒன்று கேட்டாள். படத்துக்கு முன்னால் அந்தப் போனையும் வைக்க வேண்டுமாம்.

"ஒரு நாளைக்கு இருக்கட்டும் சாமி. அதுமேல உசுரா இருந்தாருங்க."

சுகன்யாவால் மறுக்க முடியவில்லை. முதலாளியிடம் கேட்டு எடுத்துப் போனாள். புது வேட்டி, சோறு, கறிக்குழம்பு, அவர் விரும்பித் தின்னும் வாழைக்காய் பஜ்ஜி, நடுவில் அந்தப் போன். கற்பூரம் காட்டி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். தெரியும் அல்லவா? போனவர் வந்து உண்டு எழும்வரை யாரும் திறக்கக் கூடாது.

வாசலில் முப்பது பேர். பேச்சு இல்லை. கற்பூர வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

உள்ளே போன் அடித்தது.

ட்ரீங்... ட்ரீங்... ட்ரீங்...

அந்த வீட்டுக்கும் ஹேச்சரிக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர். அங்கே அந்தப் போன் வெறும் டப்பா என்று சொன்னேன் அல்லவா. சுகன்யா எழுந்து ஓடினாள். கதவில் கை வைத்துவிட்டாள். பங்காளி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காத அம்மணி. உண்டுக்கிட்டிருக்கறப்பத் தொறந்தா அரைப் பசியோட நின்னுருவாரு."

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் தரமும் அடித்து நின்றது. சுகன்யா கதவில் நெற்றியை வைத்து நின்றாள். திறந்து பார்த்தபோது போனில் வெளிச்சமே இல்லை, செத்துக் கிடந்தது.

சாயங்காலம் அதை எடுத்துப் பையில் போட்டாள். அத்தாயி தடுத்தாள். "அவருக்குன்னு வெச்சத எடுத்துட்டுப் போகாத சாமி" என்றாள். "கம்பெனிப் பொருளுங்கம்மா, திருப்பிக் குடுக்கோணுங்க" என்று சுகன்யா கொண்டுவந்துவிட்டாள். மருந்தால் துடைத்து, உள்ளே அனுப்பி, சார்ஜரில் குத்தினாள். எட்டாவது குழியில்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் பையில் போன் அடித்தது.

சென்றாயன்.

அன்று அவள் எடுக்கவில்லை, கட் செய்யவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள், அடித்து ஓயும்வரை. மூன்று தரம். இரண்டாம் நாளும் அப்படியே. அன்று கௌசிக் சொல்லி அந்தப் போனிலிருந்து பேட்டரியைக் கழற்றி, அவருடைய டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாளும் அடித்தது.

அன்று ராத்திரி கோகுல்ராஜ் என்னைக் கூப்பிட்டான். அவன் எடப்பாடியில் ஒரு தறிப் பட்டறை வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, நாளைக்கு ஒரெட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. அக்கா மூணு நாளா சோறே உண்ணலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றான். 

அதற்குத்தான் போனேன், அந்தக் கரும்பு ரோட்டில்.

வெளி ஆபீசில் கௌசிக்கும் நானும். அவர் டிராயரைத் திறந்து பேட்டரியைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். சில்லென்று இருந்தது. மார்ச் மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே.

டிராயரைச் சாத்தினேன். நேராகச் சிஸ்டத்துக்குள் போய்ச் சென்றாயன் பெயரை அழித்தேன். பட்டியலில் ஏழு பெயர். இனிமேல் என்ன என்று மூச்சு விட்டேன். மணி பன்னிரண்டு நாற்பத்தாறு. ஆபீஸ் போனிலிருந்து சுகன்யாவைக் கூப்பிட்டேன். பேரை எடுத்தாச்சு, இனி வராது அம்மணி என்றேன்.

குஞ்சுச் சத்தம் காதை அடைத்தது. அதற்கு நடுவில் பேசினாள்.

"அன்னைக்கு மூணு தடவ கூப்புட்டாருங்கண்ணா. மூணையும் நாந்தான் கட் பண்ணுனனுங்க. ஒண்ணு எடுத்திருந்தாப் பொழச்சிருப்பாருங்க. இன்னைக்கு வந்துச்சுன்னா எடுக்கப்போறனுங்க."

"வேண்டாம் அம்மணி. எடுக்காத."

"எடுத்தர்றனுங்கண்ணா." வைத்துவிட்டாள்.

உள்ளே மற்ற எல்லோரும் சாப்பாட்டு ஹாலில். அந்த நேரம் போன்களைச் சார்ஜரில் குத்திவிட்டுத்தான் போவார்கள். சுகன்யா மட்டும் குஞ்சு அறையில்.

பன்னிரண்டு நாற்பத்தொன்பது... நாங்கள் இருவரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு பெயர். ஐம்பது ஆனது. ஏழாவது பெயருக்குக் கீழே எட்டாவதாக ஒரு வரி வந்தது.

சென்றாயன். புகை அறை.

கௌசிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். சுகன்யா பெயருக்குப் பக்கத்தில் மணி அடிக்கும் குறி. ஒரு தரம் மினுக்கியது... இரண்டு தரம்... நின்றது. பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற பச்சைக் குறி வந்தது.

எடுத்துவிட்டாள்.

நடக்கிற பேச்சை ஆபீஸ் போனிலிருந்து ஒட்டுக் கேட்க ஒரு நம்பர் உண்டு, நாம் சோதிப்பதற்காக வைத்தது. அதை அடித்துக் காதில் வைத்தேன். சுகன்யா குரல் மட்டும்தான் கேட்டது.

"சொல்லுங்க மாமா..."

இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. மூச்சுக்கூட இல்லை.

"ஆமாங்க... தப்புத்தானுங்க..."

இடைவெளி.

"அழுகாதீங்க மாமா. இருங்க, தொறந்து உடறனுங்க. இதா வாரேன்."

ஸ்கிரீனில் சுகன்யா பெயர் நகர்ந்தது. குஞ்சு அறை போய் நடைபாதை என்று வந்தது. "அம்மணி, போகாத!" என்று கத்தினேன். ஒட்டுக் கேட்கிற போனில் நாம் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது, அது எனக்கே தெரியும். கத்தினேன். முட்டை அறை என்று வந்தது. கௌசிக் என் தோளைப் பிடித்தார். 

"இன்னைக்குப் பன்னெண்டே முக்காலுக்குத்தானுங்க புகை போட்டாங்க. இப்ப உள்ள முழுக்கப் புகைங்க..."

ஓடினோம்.

இனிமேல் சொல்வதைக் கேட்டு நீங்கள் என்னைக் காறித் துப்பினாலும் சரி. வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு குளியலறை வரிசைக்குள் போனோம். ஆளுக்கு ஒரு அறை. சட்டையைக் கழற்றினேன். ஷவரைத் திறந்தேன். சோப்பை எடுத்தேன். தலைக்குப் போட்டேன். பக்கத்து அறையில் கௌசிக் 'அரகரா, அரகரா' என்று முனகிக்கொண்டே முதுகு தேய்க்கும் சத்தம் கேட்டது. காதுக்குப் பின்னால்கூடத் தேய்த்தேன். கால் நகத்தைத் தேய்த்தேன். ஒரு பெண் புகைக்குள் போய்க்கொண்டிருக்கிறாள், நாங்கள் இரண்டு தடி ஆண்கள் குளித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதவைக் குளிக்காமல் திறக்கலாம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. பச்சைச் சட்டைக்குப் பொத்தான் போடும்போதுதான் உறைத்தது. அப்போது நாலு நிமிடம் போயிருந்தது.

உள்ளே ஓடினோம். சார்ஜர் பலகையைத் தாண்டும்போது பார்த்தேன். எட்டாவது குழியில் அந்தப் போன் இருந்தது. பின்மூடி இல்லாமல், பேட்டரி இல்லாமல். வயிற்றைத் திறந்துபோட்ட மீன் மாதிரி.

நாற்பதாயிரம் குஞ்சுகள் கத்துகிற இடம். ஒன்றுகூடக் கத்தவில்லை. எங்கள் ஈரக்கால் தரையில் படும் சத்தம் மட்டும்... பட் பட் பட் என்று.

புகை அறைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து தூக்கக் கைப்பிடி வைத்தும், வெளிக் கொண்டி விழுந்திருந்தது.

துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு கொண்டியைத் தூக்கினேன். புகை முகத்தில் அடித்தது. கண்ணில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டியதுபோல் எரிந்தது. கௌசிக் குனிந்து வாந்தி எடுத்தார். நான் இருமி இருமி மண்டி போட்டுவிட்டேன்.

சுகன்யா நடந்து வெளியே வந்தாள்.

இருமவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குள் இருந்தவள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், புது ஊருக்கு வந்தவர்கள் முகங்களைப் பார்ப்பதுபோல. பிறகு தன் கைகளைப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். எங்களைத் தாண்டி நடந்துபோனாள்.

அவள் போன் உள்ளே தரையில் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்தேன். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நிமிடம், இருபது விநாடி... இருபத்தொன்று... அதிலிருந்து மெல்லியதாக ஏதோ சத்தம் வந்தது. காதில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

கட் செய்துவிட்டேன்.

நாமக்கல்லில் டாக்டர்கள் எல்லாம் பார்த்தார்கள். தொண்டையில் புண் இல்லை, நுரையீரலில் ஒன்றும் இல்லை, அதிர்ச்சி, போகப் போகப் பேசுவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டால் உண்கிறாள். குளிக்கிறாள். தூங்குகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கோகுல்ராஜ் அவள் மடியில் தலை வைத்து அழுதான். தலையைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லையாம். அவனைத் தம்பி என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம், ஹேச்சரியில் கௌசிக்கின் மேசைப் போன் அடித்திருக்கிறது. ஸ்கிரீனைப் பார்த்திருக்கிறார். சென்றாயன் வரி இல்லை. அதற்குப் பிறகு அது வரவே இல்லை.

சுகன்யா. புகை அறை.

அன்றோடு கௌசிக் வேலையை விட்டுவிட்டார்.

கோகுல்ராஜ் விஷயம் கேட்டு ஓடினான். குளித்து உள்ளே போய்க் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அடித்தது. எடுத்தான். அவன் அக்காதான் பேசினாள். அவனைக் குழந்தையில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லி, வேறு யாருக்கும் தெரியாத பெயர் அது, இருட்டாக இருக்கிறது என்று அழுதாளாம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. வேறு யாரும் இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தான். அக்கா சுவரோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி போன்களையெல்லாம் பிடுங்கச் சொன்னார். கோகுல்ராஜ் அவர் காலில் விழுந்தான். "என்ற அக்கா பேசறது அதுல மட்டுந்தானுங்க. அதையும் நிறுத்திப்போடாதீங்க" என்றான். சென்றாயன் பார்த்த மெக்கானிக் வேலையை இப்போது அவன் பார்க்கிறான். அதனால்தான் நம்மோடு இல்லை. எப்படியாவது வெளியே எடுத்துவிடுவேன் என்கிறான். பூசாரியைக் கூட்டிப் போனான். அந்தப் போனைத் திரும்ப அத்தாயியிடம் கொடுத்துப் படைத்துப் பார்த்தான். கதவையே கழற்றிவிடலாம் என்றேன் நான். கழற்றினால் அப்புறம் எதைத் திறந்து அக்கா வருவாள் என்று கேட்டான். 

போன மாதம் நானும் போயிருந்தேன். அவன்தான் கூப்பிட்டான். பன்னிரண்டு ஐம்பதுக்குப் புகை அறைக் கதவை நான் அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் உள்ளே போய் நட்டநடுவில் நின்றான். விளக்குப் போட்டிருந்தது. மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. யாரும் இல்லை.

போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். கண்ணில் தண்ணீர் ஒழுகியது. கையை நீட்டி அதை என் காதில் வைத்தான்.

சுகன்யாதான். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்.

"தம்பி... உன்ற காலடிச் சத்தம் கேக்குதுடா. கதவுக்கிட்டயே வந்துட்ட. இத்தனை நாளா வந்து வந்து நிக்கற... ஏன்டா தொறக்க மாட்டேங்கற?"

பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தாள். போனில் கேட்டது. டப்... டப்... டப்...

ஒவ்வொரு தட்டுக்கும், என் கையில் திறந்தபடி இருந்த அந்த இரும்புக் கதவு அதிர்ந்தது.